நாற்பத்திரண்டு ரூபாய்க் கத்திரிக்காய்

"அந்த அக்காங்களுக்கெல்லாம் யாருப்பா சோறு போடுவாங்க?"

சங்கவி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அப்பா அம்மாவோடு விழுப்புரம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஊரைத் தாண்டும் இடத்தில் ஒரு கல்லூரியும் அதன் விடுதியும் இருந்தன. மதிய நேரம். பெண்கள் தட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

"கவர்மெண்ட்டு போடும்மா," என்றார் அவளுடைய அப்பா தாண்டவராயன்.

அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். படிக்க வைப்பவர்கள் சோறும் போடுவார்கள் என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது.

பதினோரு வருஷம் கழித்து அதே கல்லூரியில் சங்கவிக்கு இயற்பியல் படிக்க இடம் கிடைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. கல்லூரிக் கட்டணம் சொற்பம். அரசு மாதாமாதம் அவள் கணக்கில் போடும் ஆயிரம் ரூபாய் புத்தகத்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் சரியாகப் போனது. சோறுதான் தனி. விடுதி மெஸ்ஸில் மாதக் கடைசியில் அரிசி, காய், கேஸ் என்று ஆன செலவையெல்லாம் கூட்டி, சாப்பிட்ட பெண்களின் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். நூற்று நாற்பது பெண்கள். தலைக்கு மூவாயிரம் வந்தது.

கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாண்டவராயனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் அரை ஏக்கர் கத்திரி. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் இரண்டு பஸ் மாறி, இருட்டுவதற்குள் வீடு சேர முடியாது. ஆகவே விடுதிதான். முதல் மாதம் நெல் விற்ற பணத்தில் கட்டினார். இரண்டாம் மாதம் வீரம்மாள் தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். மூன்றாம் மாத பில் வந்ததும் தாண்டவராயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரத்து எழுநூற்று ஐம்பதுதான்.

"பாத்தியா வீரம்மா? பொண்ணு சிக்கனம் புடிச்சிருக்குது."

"மெஸ்ஸுல எப்படிங்க சிக்கனம் புடிக்க முடியும்? எல்லாருக்கும் ஒரே பில்லுன்னு தானே சொன்னாங்க?"

"அதெல்லாம் படிச்ச புள்ளைங்க ஏதாச்சும் வழி கண்டுபுடிச்சிருக்கும்."

அந்தச் சந்தோஷத்தோடு டீக்கடைக்குப் போனார். பக்கத்து நிலத்துக்காரர் ராஜாமணி அங்கே உட்கார்ந்திருந்தார். வெண்டையும் புடலையும் போடுகிறவர். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடும் அடிப்பார். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும்.

"பாதி பில்லாத்தான் வந்துகீது," என்றார் தாண்டவராயன்.

"பாதி பில்லுன்னா பாதி சோறுதான்யா துன்னிருக்கும்," என்று சிரித்தார் ராஜாமணி.

தாண்டவராயன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வீரம்மாள் ஏற்கெனவே தலையை வாரி, பையை எடுத்து வைத்திருந்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் விழுப்புரம் மார்க்கெட்டில் நான்கு மூட்டை கத்திரிக்காயை இறக்கினார் தாண்டவராயன். கிலோ ஏழு ரூபாய்க்குக் கேட்டார்கள். வாதாட நேரமில்லை, கொடுத்துவிட்டார். அங்கிருந்து இருவரும் திண்டிவனம் பஸ் ஏறினார்கள்.

விடுதி அறையில் சங்கவி சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் பார்த்ததும் எழுந்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடன் இருந்தவள் சாஜிதா. கோட்டக்குப்பத்துப் பெண், பி.காம். படிக்கிறாள். மாணவிகள் சேர்ந்து அவளைத்தான் அந்த வருஷத்து மெஸ் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"வாங்கப்பா, வாங்கம்மா. நல்ல வேளை வந்தீங்க. இவ இன்னிக்கு ஊருக்குப் போயிருக்கா," என்றாள் சாஜிதா.

"ஊருக்கா? இதோ நிக்குதே?"

"பேப்பர்ல போயிருக்காப்பா."

"சாஜி, சும்மா இருடி," என்றாள் சங்கவி.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இத்தனை நாள் சும்மா இருந்ததே தப்பு."

சாஜிதா விளக்கமாகச் சொன்னாள். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ ஊருக்குப் போகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்கு பில்லில் கழித்துக்கொள்வார்கள். சங்கவி வாராவாரம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கும் போகாமல் அறையிலேயே இருந்திருக்கிறாள். ஒரு டப்பாவில் பொரி இருந்தது. அதைத்தான் தின்றிருக்கிறாள்.

வீரம்மாள் திட்டவில்லை. மகளின் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"பசிக்கலியாடி?"

"பழகிடுச்சும்மா."

வீரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கவியே மெதுவாகப் பேசினாள். "நான் யோசிச்சிட்டேன். பொங்கலோட நின்னுடறேன்மா. மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம். மாசம் பதினாலாயிரம். படிப்பை அப்புறம் தபால்ல கூடப் பாத்துக்கலாம்."

"படிப்பு புடிக்கலியா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"புடிச்சிருக்குதுப்பா. அதான் சொல்றதுக்கு இவ்ளோ நாளாச்சு."

அவரால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து மெஸ் வாசலில் போய் நின்றார். எதிரே ஒரு பலகையில் அந்த வாரம் வாங்கிய சாமான்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே என்று அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார். அரிசி. துவரம் பருப்பு. எண்ணெய். கத்திரிக்காய் என்று வந்த இடத்தில் நின்று, இன்னொரு தரம் படித்தார்.

பின்னாலேயே வந்த சாஜிதாவிடம் கேட்டார். "இன்னாம்மா இது, கத்திரிக்கா நாப்பத்திரண்டு கிலோவா?"

"இல்லப்பா. கிலோ நாப்பத்திரண்டு ரூபா."

"காலையில விழுப்புரத்துல ஏழு ரூபாய்க்குக் கொட்டிட்டு வர்றேன்."

"ஏழா?"

"ஏழு."

இருவரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய கத்திரிக்காயே அவருக்கு முன்னால் புறப்பட்டு, வழியில் கைமாறிக் கைமாறி விலையேறி, இங்கே வந்து அவர் மகளின் தட்டுக்கு எட்டாமல் நிற்பதுபோல் இருந்தது.

தன் நிலத்துக் காயை நேராக மெஸ்ஸுக்குத் தரலாமா என்று கேட்க வார்டன் அம்மாவிடம் போனார்கள். கண்டிப்பான மனுஷி, ஆனால் காதுகொடுத்துக் கேட்பவர். "காய் எங்க வாங்கணும்னு முடிவு பண்றது மெஸ் கமிட்டி. சொத்தைக் காய் வந்தா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றார்.

தாண்டவராயன் மகளிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார். "தேர்வு வரைக்கும் ஒரு வேளை விடாம சாப்பிடு. சீட்டு எழுதாத. பில்லை நாங்க பாத்துக்கறோம்."

அடுத்த வாரமே நாற்பது கிலோ கத்திரிக்காயை இரண்டு சாக்கில் கட்டி, பஸ்ஸில் லக்கேஜ் போட்டுக் கொண்டுவந்தார். விடுதிச் சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரி அம்சா. ஐம்பது வயது, உயரமான பெண், குரல் கொஞ்சம் கரகரப்பு. ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்து, காம்பை முகர்ந்து, "காலையில பறிச்சதா?" என்றாள். அவர் தலையாட்டியதும் தராசை இழுத்தாள்.

"தராசு வாணாம்மா," என்றார் தாண்டவராயன்.

"எடை போடாம எப்படி பில்லு போடறது?"

"பில்லும் வாணாம்."

அவர் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேப்பை வரும். அதை யாரும் அளக்க மாட்டார்கள். எல்லாரும் குடிக்கப்போகிற பானையில் விழுவதை அளந்தால் அம்மனுக்கு ஆகாது என்று பேச்சு. நூற்று நாற்பது பிள்ளைகள் சாப்பிடுகிற பாத்திரமும் அவருக்கு அப்படித்தான் பட்டது. அதிலும் ஒன்று தன் பிள்ளை. பெற்ற பிள்ளை தின்கிற காய்க்கு எடை போட்டுக் காசு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?

அந்த மாதத்தில் மூன்று தடவை வந்தார். நூற்றிருபது கிலோ. மூன்று தடவையும் தராசைத் தொடவிடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். மனம் நிறைந்திருந்தது.

மாதக் கடைசியில் பில் வந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு.

வீரம்மாள் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, அவ்ளோ காயி குடுத்தோமே. கொறஞ்சது எவ்ளோ?"

"முப்பத்தாறு ரூபா," என்றார் தாண்டவராயன். 

அவர் கொடுத்தது மெஸ் விலைக்கு ஐயாயிரம் ரூபாய்க் காய். அது நூற்று நாற்பது தலைக்கும் சமமாகப் பிரிந்து, சங்கவியின் பங்குக்கு முப்பத்தாறு ரூபாயாக வந்து நின்றது. மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டிய காயும் போயிற்று, லக்கேஜ் காசும் போயிற்று. போன மாதம் கட்டாமல் நின்ற பாக்கியோடு முழு பில்லையும் கட்டினால்தான் தேர்வு எழுத விடுவார்கள்.

"அஞ்சாயிரத்துக்குக் காயக் குடுத்துட்டு முப்பத்தாறு ரூபா சம்பாரிச்சுக்கினு வந்திருக்கீங்க. இந்தச் சாமர்த்தியம் இந்தத் தாலுக்காவுல யாருக்கு வரும்?" என்றாள் வீரம்மாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "சரி, எழுந்திருங்க. மத்த புள்ளைங்க வயித்துலதானே போச்சு. அந்தப் பொண்ணு சாஜிதாவப் பாத்துட்டு வரலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் கமிட்டிப் பெண்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயனுக்கும் வீரம்மாளுக்கும் நாற்காலி போட்டார்கள். சாஜிதா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க காய் குடுங்க. நாங்க காசு குடுக்கறோம். அவ்வளவுதான்."

"பொதுப் பானையில வுழறத அளக்கக் கூடாதும்மா. எங்க ஊர்ல கூழு ஊத்தறதுக்கு..."

"தெரியும், சங்கவி சொன்னா. எங்க ஊர்லயும் அப்படித்தான். நோன்புக் கஞ்சிக்கு அரிசி குடுக்கிறவங்க யாரும் அளந்து குடுக்க மாட்டாங்க. எங்க மாமா யாஹ்யா அரிசிக்கடை வச்சிருக்காரு. ரம்ஜான் மாசம் மூட்டையாவே அனுப்பிடுவாரு. ஆனா மத்த பதினோரு மாசமும் அவரு தராசுலதாம்பா விக்கிறாரு. அப்படி வித்தாத்தானே ரம்ஜானுக்கு அனுப்ப முடியும்?"

 அந்தப் பேச்சு தாண்டவராயனுக்குள் இறங்கியது. தருவதற்கென்று கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பதையும் ஆண்டவன்தானே வைத்திருக்கிறான்?

"ரேட்டு நீங்களே சொல்லுங்க," என்றார் கடைசியில்.

"இருபது ரூபா."

"ஏழுக்குப் போறத இருபதுக்கா? அநியாயம்மா. பத்து."

கமிட்டிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்பா, கடையில நாங்க நாப்பத்திரண்டு குடுத்துக்கினு இருக்கோம். இருபது."

"பன்னெண்டு."

"இருபது."

"சரி, உனக்கும் வாணாம் எனக்கும் வாணாம். பதினாலு."

வீரம்மாள் மேசையைத் தட்டினாள். "விக்கிறவரு வெலையக் கொறைக்கிறாரு, வாங்குறவங்க ஏத்துறாங்க! இந்தப் பேஜாரு மனுசன விட்டா மறுபடியும் முப்பத்தாறு ரூபாயிலதான் போய் நிப்பாரு. இருபதும்மா. எழுதிக்கோ. நானும் ஒரு பங்குக்காரிதான்."

எழுதிக்கொண்டார்கள். தாண்டவராயன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எடை போட்டுத் தராசை இறக்கிய பிறகு, மேலே ஒரு கை காய் அளக்காமல் போடுவார். அதைக் கணக்கில் எழுதக் கூடாது. சாஜிதா ஒப்புக்கொண்டாள்.

முதல் லோடு போன கையோடு முன்பணமாகக் கமிட்டி கொடுத்ததை வைத்துப் பாக்கியைக் கட்டினார்கள். சங்கவிக்கு ஹால் டிக்கெட் வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. திங்கள் கத்திரிக்காய்க் கூட்டு, செவ்வாய் கத்திரிக்காய் வறுவல், புதன் எண்ணெய்க் கத்திரிக்காய். இரண்டாவது வாரம் மெஸ் கதவில் யாரோ ஒரு பெண் சாக்பீஸால் 'கத்திரிக்காய் இல்லம்' என்று எழுதிவிட்டாள். அம்சா சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "உங்கப்பா செடியில வேற ஒண்ணும் காய்க்காதாடி?" என்று சங்கவியைக் கேட்டாள். சுற்றிலும் சிரிப்பு. சங்கவியும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

தாண்டவராயன் டீக்கடைக்குப் போய் ராஜாமணியைப் பிடித்தார்.

"உன் வெண்டைக்கும் புடலைக்கும் ஏழோ எட்டோ தானே தர்றான்? இருபதுக்கு வாங்கிக்க ஆள் இருக்குது. வண்டியும் உன்னோடது."

"இன்னாய்யா, ஏதாச்சும் ஏமாத்து வேலையா?"

"வந்து பாரு. ஏமாந்தா என்னைக் கேளு."

ராஜாமணி வந்தார், பார்த்தார், அதற்குப்பின் வாரம் இரண்டு நாள் குட்டியானை திண்டிவனத்துக்கு ஓடியது. முகையூரிலிருந்து ஒரு அம்மா முருங்கைக்காயும் கீரையும் ஏற்றி அனுப்பினாள். அவள் மகளும் அதே விடுதியில்தான் இருந்தாள். அவளும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சங்கவியைப்போல இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள்.

பொங்கல் கழிந்து வந்த மாதக் கடைசியில் சாஜிதா பலகையில் புது பில்லை ஒட்டினாள். காய்ச் செலவு பாதியாகியிருந்தது. சீட்டு எழுதியவர்கள் திரும்பி வந்து சாப்பிட்டதால் கேஸும் கூலியும் கூடுதல் தலைகளுக்குப் பிரிந்தன. இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பத்து. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையெல்லாம் நின்று, பெண்கள் தட்டில் டம்ளரால் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வார்டன் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து, பலகையைப் பார்த்து, தானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

தாண்டவராயனுக்கு அந்த மாதம் மெஸ்ஸிலிருந்து வந்தது மூவாயிரத்து இருநூறு. மகள் பில்லைக் கட்டியும் மீதி இருந்தது. மறைமலைநகர் கம்பெனியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

தேர்வு முடிவும் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, செய்முறைத் தேர்வில் வகுப்பில் முதல் மதிப்பெண். வீரம்மாள் மேல்மலையனூருக்குப் போய் அங்காளம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்திவிட்டு, குங்குமத்தோடு விடுதிக்கு வந்தாள். அன்றைக்கு மதியம் கமிட்டிப் பெண்கள் அவளையும் தாண்டவராயனையும் மெஸ்ஸிலேயே சாப்பிட வைத்தார்கள். அம்சா தன் கையால் சோறு போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அவள் நகர்ந்ததும் சங்கவி அம்மாவின் காதோரம் சொன்னாள். "அம்மா, நான் சீட்டு எழுதின நாளெல்லாம் ராத்திரிச் சோறு குடுத்தது இந்த அக்காதான். பின்பக்கமா வந்து குடுத்துட்டுப் போவாங்க. 'எனக்கு இன்னிக்கு விரதம்டி, வீணாப் போவுது, நீ துன்னு'ன்னு சொல்வாங்க. நானும் நம்பிட்டேன். அது அவங்க சம்பளத்தோட சேந்த அவங்க சோறு. இப்பதாம்மா தெரிஞ்சிது. வாரத்துல நாலு நாள் யாரும்மா விரதம் இருப்பாங்க?"

வீரம்மாளுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சமையற்கட்டுக்குப் போனாள்.

"அம்சா, எம் பொண்ணு சொன்னா..."

"இன்னா சொன்னா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே. அண்டாவக் கழுவணும், கொஞ்சம் நகருங்க," என்றாள் அம்சா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடுத்ததை மறைக்கிறவர்களிடம் நன்றி என்று வாய்விட்டுச் சொல்வது அவர்களை நடுத்தெருவில் நிறுத்துவதுபோல் ஆகிவிடும். வீரம்மாள் அண்டாவுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

பங்குனியில் மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கினார்கள். காய்ந்ததும், அடுத்த போகத்துக்கு விதைக்கென்று ஒதுக்கியதிலிருந்து நல்ல திரட்சியான காய்களை வீரம்மாள் தனியே எடுத்தாள். நான்கு நாள் உட்கார்ந்து, ஒரு பருப்புக்கூட உடையாமல் கையாலேயே தொலித்தாள். கட்டைவிரல் நுனி சிவந்து வீங்கியது. வெளுத்த துணிப்பை ஒன்றில் போட்டு, வாயைக் கட்டி, தாண்டவராயனிடம் கொடுத்தாள்.  அது யாருக்கு என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை வண்டி விடுதிக்குப் போனபோது அம்சா உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. ராஜாமணி பின்கதவைத் திறந்து வெண்டைக்காய் மூட்டையை இறக்கத் தொடங்கினார். தாண்டவராயன் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வேப்பமரத்தடியில் அம்சாவின் சைக்கிள் நின்றது. முன்கூடையில் ஒரு பழைய துண்டும் குடையும் இருந்தன. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு அணில் தவிர யாரும் இல்லை. மல்லாட்டைப் பையைக் கூடையின் அடியில் வைத்து, துண்டால் மூடி, குடையை மேலே சாய்த்தார்.

"எங்கய்யா போயிட்டே? நான் ஒண்டியா மூட்டை தூக்கிக்கினு இருக்கேன்," என்றார் ராஜாமணி.

"கால் கழுவப் போனேன்."

"காலு காஞ்சு கெடக்குது, இன்னாத்தய்யா கழுவின?"

தாண்டவராயன் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.